இரும்பு ஏற்றிய ஆக்டிவேட்டட் கார்பன் மூன்றாம் தடவையே சோர்ந்துபோகிறது, உதவுங்கள்

கெடிலக்கரை:
வணக்கம். கடலூரில் எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சாயக் கழிவுநீரில் பெராக்சைடு ஊற்றி நிறத்தைப் போக்க, இரும்பு ஏற்றிய கரி தயாரிப்பதுதான் புராஜெக்ட்.

செய்தது இதுதான். கடையில் வாங்கிய தேங்காய்த் தொட்டிக் கரி 10 கிராம், நீராவியில் ஆக்டிவேட் செய்தது. 5% இரும்பு வேண்டும் என்று 2.17 கிராம் பெரிக் நைட்ரேட்டை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, கரியைப் போட்டு ராத்திரி முழுக்கக் கலக்கவிட்டேன். காலையில் அப்படியே ஓவனில் 110 டிகிரியில் வற்றவைத்தேன். அப்புறம் மஃபிள் பர்னஸில் (மூடிய சூளை) 500 டிகிரி, 3 மணி நேரம்.

முதல் தடவை மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் 20 நிமிடத்தில் வெளுத்தது. சந்தோஷத்தில் உடனே கைடிடம் காட்டிவிட்டேன். அதே கரியை மறுபடி போட்டபோது 50 நிமிடம். மூன்றாம் தடவை ஒன்றரை மணி நேரம் ஆகியும் நீலம் போகவில்லை, வடிகட்டிய தண்ணீரில் லேசான மஞ்சள் வேறு. கரியின் உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் எண் 950 இருந்தது, இப்போது 480. இரும்பை 10% ஆக்கினால் சரியாகுமா? அடுத்த மாதம் ரிவ்யூ.

உப்பளம்:
10% பக்கமே போகாதீர்கள். முதலில் உங்கள் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 2.17 என்ற கணக்கு நீரற்ற உப்புக்கு, அதாவது மூலக்கூறு எடை 242 என்று வைத்துப் போட்டது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஒன்பது நீர் மூலக்கூறு உள்ளது, எடை 404. அரை கிராம் இரும்புக்கு 3.6 கிராம் எடுத்திருக்க வேண்டும். நீங்கள் போட்டது 3% தான்.

இன்னொன்று. நீராவிக் கரியின் மேற்பரப்பு பொதுவாகக் காரத்தன்மை உள்ளது. பெரிக் நைட்ரேட் கரைசலோ நல்ல அமிலம். அதில் கரியின் மேல் நேர்மின்னூட்டம் வந்துவிடும், இரும்பு அயனியும் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். ராத்திரி முழுக்கக் கலக்கினாலும் உள்ளே ஒட்டாது, வற்றும்போது வெளித்தோலில்தான் படியும். கரியை முன்கூட்டி நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கழுவி எடுத்தால் கார்பாக்சில் குழுக்கள் கூடும், இரும்பு பிடிக்க இடம் கிடைக்கும். தண்ணீரும் 100 மில்லி தேவையில்லை. வெறும் கரியில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள், எத்தனை மில்லி குடித்ததும் மேலே ஈரம் மினுக்கத் தொடங்குகிறதோ அந்த அளவில் உப்பைக் கரைத்தால் போதும்.

சவுக்குத்தோப்பு:
பெராக்சைடு ஊற்றாமல் வெறும் கரியை மட்டும் போட்டுப் பார்த்தீர்களா? மெத்திலீன் ப்ளூவை ஆக்டிவேட்டட் கார்பன் தானாகவே உறிஞ்சும். உங்கள் 20 நிமிடத்தில் பாதிக்கு மேல் வினையூக்கியின் வேலையே இல்லாமல் இருக்கலாம்.

பழைய பர்னஸ்:
தம்பி, ஒரே கேள்வி. 10 கிராம் உள்ளே போனது, வெளியே எவ்வளவு வந்தது?

கெடிலக்கரை:
தம்பி இல்லை சார், நான் பெண். வந்தது 5.8 கிராம். இங்கே கடற்காற்றில் கரி ஈரம் குடித்திருக்கும், அதுதான் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மேலே செம்மண் மாதிரிப் பொடி இருந்தது, இரும்பு நன்றாக ஏறியிருக்கிறது என்று நினைத்தேன்.
@சவுக்குத்தோப்பு, அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை. நாளை செய்கிறேன்.

பழைய பர்னஸ்:
மன்னிக்கணும்மா. சரி, விஷயம் இதுதான். உன் கரி எரிந்துவிட்டது.

ஈரம் என்றால் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு கிராம். மீதி காற்றில் போனது கரி. மஃபிள் பர்னஸின் உள்ளே இருப்பது சாதாரணக் காற்றுதான், கரி வைத்த குரூசிபிள் கிண்ணத்தின் மூடி அதைத் தடுக்காது. வெறும் கரி 500 டிகிரியில் கொஞ்சம் தாங்கினாலும், இரும்பு ஏறிய கரி அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும், ஏனென்றால் இரும்பே எரிதலுக்கும் வினையூக்கி. போதாததற்கு நைட்ரேட். நைட்ரேட்டையும் கரியையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று பட்டாசு செய்பவர்களைக் கேட்டுப் பார். நுண்துளைச் சுவர்கள் எரிந்துபோக, அங்கே இருந்த இரும்பு ஒன்றுசேர்ந்து துருப்பொடியாக மேலே நின்றது. உன் செம்மண் அதுதான். அது ஒவ்வொரு தடவையும் கழன்று தண்ணீரோடு போகிறது. உப்பளம் சொன்ன இரண்டும் சரி, ஆனால் அவை இரண்டாம் பட்சம்.

நைட்ரஜன் ஓடும் குழாய் பர்னஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் பழைய வித்தை: சின்ன குரூசிபிளை மூடி, பெரிய குரூசிபிளுக்குள் வைத்து, சுற்றிலும் மேலேயும் வீணாய்ப்போன கரித்தூளை அழுத்தி நிரப்பி, அதையும் மூடு. உள்ளே வரும் ஆக்சிஜனை வெளிக்கரி தின்றுவிடும். 350 டிகிரி போதும், நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் ஏற்றாதே. பழுப்புப் புகையும் கார்பன் மோனாக்சைடும் வரும், புகைக்கூண்டு ஓடாமல் இதைத் தொடவே கூடாது. முழுக்க ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் கண்முன்னே கனன்றுவிடும். கரியை 110 டிகிரியில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) ஆறவைத்து எடை போடு, ஐப்பசி மழையில் இது ரொம்ப முக்கியம்.

கெடிலக்கரை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நைட்ரிக் அமிலத்தில் கழுவிய கரி, உலர்ந்த எடை 10 கிராம், உப்பு 3.6 கிராம், கரித்தூளுக்குள் புதைத்து 350 டிகிரி. வந்தது 10.2 கிராம்! செம்மண் இல்லை, முழுக்கக் கறுப்பு. அயோடின் எண் 790. மூன்றாம் தடவையும் 35 நிமிடத்தில் வெளுக்கிறது. பெராக்சைடு இல்லாத வெறும் கரியில் அதே 35 நிமிடத்தில் நிறம் பாதிதான் குறைந்தது, அதனால் மீதி இரும்பின் வேலை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் வடிகட்டிய நீரில், இரும்பு இருந்தால் சிவக்கும் தயோசயனேட் விட்டால் இன்னும் இளஞ்சிவப்பு வருகிறது. பிஎச் 3இல்தான் செய்கிறேன்.

உப்பளம்:
இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தைச் சிதைக்கும் ஃபென்டன் வினைக்கு பிஎச் 3 தான் வேகம், ஆனால் அந்த அமிலமே இரும்பைக் கொஞ்சம் கரைக்கும். பாதி வினையில் கரியை வடித்துவிட்டு, வடிநீரில் பெராக்சைடைத் தொடரவிடுங்கள். அதிலும் நிறம் குறைந்துகொண்டே போனால் வேலை செய்வது கரைந்த இரும்பு. அப்புறம் பிஎச் 5இல் ஒரு பேட்ச் போட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிஓடி (நீரில் மிஞ்சிய கரிமக் கழிவை டைக்ரோமேட்டால் அளக்கும் சோதனை) பார்ப்பதாக இருந்தால் மிச்சப் பெராக்சைடை முதலில் அழிக்க வேண்டும், அது டைக்ரோமேட்டைத் தின்று எண்ணைக் கூட்டிக் காட்டும்.

கெடிலக்கரை:
பிஎச் 5 பேட்ச் இப்போது கலங்கிக்கொண்டிருக்கிறது. 40 நிமிடம் ஆகிறது, இன்னும் நீலம்தான்.