புதுப்பிப்பு: இடைவெளிப் பயிற்சியில் மத்யமம், பஞ்சமம் குழப்பம் தீர்ந்தது

சுரங்களுக்கு இடையிலான தூரத்தை (இடைவெளி) கேட்டே அடையாளம் காணப் பழக்கும் காதுப் பயிற்சி மென்பொருளில் சுத்த மத்யமமும் பஞ்சமமும் (ஆதார சுரமான ஸட்ஜத்திலிருந்து 5, 7 அரைச்சுரங்கள் மேலே) எனக்குப் பிரித்தறிய வரவில்லை என்று கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, ஆதார சுரத்தைக் கேள்விக்குக் கேள்வி மாறவிடாமல் ஒரே சுருதியில் நிறுத்தச் சொன்ன யோசனைதான். மற்ற இடைவெளிகளின் டிக்கை எடுத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் முதலில் ஏறுவரிசையில், அப்புறம் ஆதார சுரத்தோடு சேர்த்து ஒலிக்கவிட்டேன். வேகத்தைக் குறைத்ததில் பெரிய பயன் இல்லை. குன்னூர் மழை தகரக் கூரையில் அடிக்கும்போது ஹெட்போன் இல்லாமல் எதுவும் நடக்காது, அது வேறு. எதிர்பாராத ஒன்று: தம்புராவில் பழகிய காதுக்கு மென்பொருளின் அந்தர காந்தாரம் (ஸட்ஜத்திலிருந்து 4 அரைச்சுரங்கள் மேலே) சற்றுத் தூக்கலாகக் கேட்கிறது, ஏனென்றால் எல்லா அரைச்சுரங்களையும் ஒரே அளவாக (100 சென்ட்) வைக்கும் சமப்பகுப்பு முறையில் அது 400 சென்ட், தம்புராவில் தானாக எழும் காந்தாரமோ சுமார் 386. கோளாறு இல்லை, அமைப்பில் எதையும் மாற்ற வேண்டாம்.