மருந்து கண்டுபிடிப்பில் மெஷின் லேர்னிங்: கணினி வேதியியல்காரருக்கு அங்கே உண்மையில் என்ன வேலை?

குவாண்டம்_குழப்பம்:

கணினி வேதியியலில் பிஎச்டி முடியும் கட்டத்தில் இருக்கிறேன். செய்ததெல்லாம் டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தி வழியாக ஆற்றல் காணும்) கணக்குகள், கொஞ்சம் டாக்கிங் (மூலக்கூறைப் புரதத்தில் பொருத்திப் பார்ப்பது). வேலை விளம்பரங்களைப் பார்த்தால் எதை எடுத்தாலும் டீப் லேர்னிங், புதிய மூலக்கூறுகளைத் தானே வரையும் ஜெனரேட்டிவ் மாடல் என்றுதான் இருக்கிறது. பைத்தான் நன்றாக வரும், டீப் லேர்னிங்குக்கான பைடார்ச் டுட்டோரியல் அளவுதான். இந்த வேலையில் இருப்பவர்கள் பகல் முழுவதும் என்னதான் செய்கிறீர்கள்? ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ மாடலை உருவாக்கியவர்களுக்கு 2024-இல் நோபலே கொடுத்துவிட்டார்கள், இனி என்னைப் போன்ற ஆளுக்கு அங்கே என்ன மிச்சம்?

லோன்_பேர்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், எல்லோரும் பயப்படுவது அதற்குத்தான். ஆல்ஃபாஃபோல்டு தருவது புரதத்தின் வடிவம். மருந்து வேலை அங்கே ஆரம்பிக்கத்தான் செய்கிறது. மூலக்கூறு அந்தப் புரதத்தில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டும், தண்ணீரில் கரையுமா, குடலைத் தாண்டுமா, கல்லீரல் அதை எவ்வளவு நேரம் விட்டுவைக்கும், இதயத்தில் இருக்கும் ஹெர்க் பொட்டாசியம் வாய்க்காலை அடைக்குமா, இத்தனையும் பார்க்க வேண்டும். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்து ஒவ்வாமைக்கு நன்றாகவே கேட்டது. ஹெர்க்கை அடைத்து இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1990-களின் இறுதியில் விற்பனையிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. நான் கட்டும் மாடல்களில் பாதிக்கு மேல் இந்த மாதிரிக் கேள்விகளுக்குத்தான்.

சரி, பகலில் என்ன செய்கிறேன்? பெரும்பாலும் டேட்டாவைச் சுத்தம் செய்கிறேன். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் வேதியியல் படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று தெரிந்துபோகும் இடமே அதுதான். ஒரு சோதனையில் பார்த்த அதிகபட்சச் செறிவு 30 மைக்ரோமோலார் என்று வையுங்கள். அந்த அளவிலும் எந்த விளைவும் காட்டாத மூலக்கூறுகளுக்கு ஐசி50 (பாதி தடுப்புக்கு வேண்டிய செறிவு) '>30' என்று பதிவாகும். அந்த '>' குறி தனி நெடுவரிசையில் (column) இருக்கும். ஃபைலை எடுத்துக் கொடுத்தவர் அந்த நெடுவரிசையை விட்டுவிட்டால் எல்லாமே அச்சாக 30 ஆகிவிடும். ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள், 30-க்கு நேரே ஒரு கம்பம் நட்டது போல நிற்கும். அதைப் பார்த்துச் சந்தேகம் வராதவர் எவ்வளவு பெரிய நெட்வொர்க் கட்டினாலும், அது 30 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு நல்ல மார்க் காட்டும்.

கெம்பிள் மாதிரிப் பொதுத் தரவுத்தளங்களில் இன்னொரு வேடிக்கை. ஒரே மூலக்கூறு, ஒரே புரதம், இரண்டு கட்டுரைகள், வித்தியாசம் சரியாக ஆயிரம் மடங்கு. உயிரியல் அவ்வளவு கச்சிதமாக நடந்துகொள்ளாது. நானோமோலாரை மைக்ரோமோலார் என்று யாரோ ஏற்றியிருக்கிறார்கள். உப்பு வடிவம், ரசீமிக் கலவை (இரு கண்ணாடி பிம்ப வடிவங்கள் சமமாகக் கலந்தது), டாட்டோமர் (ஹைட்ரஜன் இடம் மாறிய வடிவம்) எல்லாம் இதே ரகம், ஆர்டிகிட் என்ற பைத்தான் தொகுப்பு பாதி வேலையைச் செய்துவிடும்.

அப்புறம், இரண்டு ஆய்வகங்கள் ஒரே மூலக்கூறை அளந்தால் ஐசி50 இரண்டு மூன்று மடங்கு விலகுவது சாதாரணம். அதனால், பல இடத்து டேட்டாவைக் கலந்துவிட்டு "என் மாடலின் பிழை 0.2 லாக்தான்" (சுமார் 1.6 மடங்கு) என்று ஒருவர் சொன்னால், டேட்டாவை எப்படிப் பிரித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். குலுக்கிப் போட்டுப் பிரித்தால், ஒரு மீத்தைல் மட்டும் மாறிய அண்ணன் பயிற்சியிலும் தம்பி தேர்விலும் விழுவான். உண்மையான ப்ராஜெக்டில் அடுத்த மாதம் வரும் மூலக்கூறு இதுவரை யாரும் செய்யாதது. காலத்தை வைத்துப் பிரியுங்கள்: பழையது பயிற்சிக்கு, புதியது தேர்வுக்கு. பல மாடல்களின் பவுசு அங்கே தெரிந்துவிடும்.

டேட்டா எவ்வளவு வேண்டும் என்று அடுத்து கேட்பீர்கள். 2020-இல் வந்த ஹாலிசின் வேலையைப் பாருங்கள். சுமார் 2,300 மூலக்கூறுகள் ஈ. கோலை வளர்ச்சியைத் தடுக்கின்றனவா என்று ஒரே முறையில் சோதித்து, அதில் மாடலைப் பயிற்றுவித்து, சுமார் 6,000 மூலக்கூறுகள் கொண்ட தொகுப்பில் தேடினார்கள். நீரிழிவுக்காக முன்பு பார்த்துக் கைவிட்ட ஒன்று ஆன்டிபயாடிக்காக மேலே வந்தது, அதுதான் ஹாலிசின். எண்ணிக்கையைவிட, எல்லாம் ஒரே சோதனையிலிருந்து வந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மீதி நேரம் சின்தசிஸ் குழுவோடு. மாடலை அதன் போக்கில் விட்டால், மேலே தூக்கி வைக்கும் பட்டியலில் கொழுப்பு வால் நீண்ட மூலக்கூறுகளாகவே இருக்கும். பழைய டேட்டாவில் லாக்பி (கொழுப்பில் கரையும் தன்மையின் அளவு) கூடக்கூட வீரியமும் கூடியிருக்கும், அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவை கரையாது, ஹெர்க்கையும் சீண்டும். எனவே வீரியத்தின் லாக் மதிப்பிலிருந்து லாக்பி-யைக் கழித்து, அந்த வரிசையில்தான் பட்டியல் அனுப்புவேன்.

ரீஃப்ளக்ஸ்:

நான் ஃபிளாஸ்க் பக்கத்து ஆள். லோன்_பேர் அனுப்புவது போலப் பட்டியல் வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். ஜெனரேட்டிவ் மாடலிலிருந்து எங்களுக்கு வருவதில் பாதியைச் செய்ய ஒன்பது பத்து ஸ்டெப் ஆகும், சிலது பாத்திரத்திலேயே நீராற்பகுப்பு ஆகிவிடும். எங்களுக்கு மிகவும் உதவுவது "இதைச் செய்யாதீர்கள்" என்ற பட்டியல். கூடவே, எந்தக் கணிப்பில் உங்களுக்கே நம்பிக்கை குறைவு என்றும் எழுதுங்கள். அதைச் சொல்லாத மாடலை இரண்டாவது முறை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஹிஸ்டிடின்_எச்:

டிஎஃப்டி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். ஏஎன்ஐ மாதிரி நியூரல் நெட்வொர்க் ஆற்றல் மாடல்கள் பயிற்சி பெற்றதே டிஎஃப்டி ஆற்றல்களில்தான். நான் எஃப்இபி கணக்குகள் (இரு மூலக்கூறுகளின் பிணைப்பு ஆற்றல் வித்தியாசத்தைக் கணிப்பது) ஓட்டுகிறேன். அறை வெப்பத்தில் 1.4 கிலோகலோரி என்றால் பிணைப்பில் பத்து மடங்கு. நல்ல படிகக் கட்டமைப்பும் ஒன்றுக்கொன்று நெருக்கமான மூலக்கூறுகளின் தொடரும் இருந்தால் எஃப்இபி பிழை 1 கிலோகலோரி அளவில் நிற்கும். ஆனால் பாக்கெட்டில் (மூலக்கூறு உட்காரும் புரதக் குழி) இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் புரோட்டான் எந்த நைட்ரஜனில் என்பதைத் தப்பாக வைத்துவிட்டால் மொத்தமும் போச்சு. இது தெரிந்த ஆள் வேண்டும், டுட்டோரியல் பைடார்ச்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குவாண்டம்_குழப்பம்:

எல்லோருக்கும் நன்றி, கொஞ்சம் தெம்பு வந்தது. இன்டர்வியூவில் காட்ட ஒரு ப்ராஜெக்ட் செய்யலாம் என்றிருக்கிறேன். கெம்பிளில் ரத்த உறைவு நொதியான ஃபாக்டர் எக்ஸ்ஏ டேட்டா நிறைய இருக்கிறதே, எடுக்கலாமா?

லோன்_பேர்:

தாராளமாக எடுங்கள், காலம் வைத்துப் பிரிக்க அருமையான இலக்கு அது. ஆரம்ப காலத் தடுப்பான்களில் பென்சாமிடின் என்ற அமிடின் குழு நிறைய. அதன் நேர்மின்சுமை எஸ்1 பாக்கெட்டின் அடியில் இருக்கும் ஆஸ்பார்ட்டேட் 189 என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். வீரியம் பிரமாதம், வாய்வழி கொடுத்தால் உடலில் ஏறாது. அதனால் மின்சுமை இல்லாத குழுக்களுக்குப் போனார்கள். 2008-இல் அனுமதி பெற்ற ரிவரோக்ஸாபன் என்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்தில் அந்த இடத்தில் இருப்பது குளோரோதயோஃபீன், அதன் குளோரின் டைரோசின் 228 பக்கம் உட்காரும்.

பழையதில் பயிற்றுவித்துப் புதியதைக் கணிக்கச் சொன்னால், அமிடின்தான் எல்லாம் என்று கற்ற மாடல் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒப்பிட இரண்டு வையுங்கள்: மார்கன் ஃபிங்கர்பிரின்ட் (மூலக்கூறின் துண்டுகளை எண்களாக்கியது) மீது ஒரு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்கள் சேர்ந்த எளிய மாடல்), அப்புறம் பயிற்சியில் மிக நெருக்கமான மூலக்கூறின் மதிப்பை அப்படியே எடுத்துப் போடும் ஒரு வரி நிரல். இரண்டுக்கும் பிறகு கெம்ப்ராப் என்ற டீப் லேர்னிங் மாடலை ஓட்டுங்கள். அது தோற்றால் தோற்றது என்றே எழுதுங்கள். இன்டர்வியூ எடுக்கும்போது நான் பிழை பெரிதாக வந்த பத்து மூலக்கூறுகளின் படத்தைக் காட்டச் சொல்லி, ஏன் என்று கேட்பேன். உங்களிடமும் யாராவது அதைக் கேட்பார்கள், எஸ்1 பாக்கெட்டைப் படித்துவிட்டுப் போங்கள்.