மூவ்மென்ட்டுக்குக் 'கண்ணி' என்று வைக்கலாமா?

> மூவ்மென்ட் = இயக்கம். இதற்கு மேல் என்ன விவாதம்?

ஐயா, வணக்கம். மேற்கத்திய இசைப் படைப்பொன்றின் தனித்தனிப் பகுதியைத்தான் மூவ்மென்ட் என்கிறோம். ஆனால் இயக்கம் என்ற சொல்லுக்கு இசையில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. சிலப்பதிகார உரையில் முதனடை, வாரம், கூடை, திரள் என்று நான்கு இயக்கங்கள் வருகின்றன. முதனடை மெதுவான போக்கு, திரள் முடுகிய போக்கு. வேகத்தின் பெயரை எடுத்துப் பகுதிக்கு வைத்தால் 'இரண்டாம் இயக்கம்' எதைச் சொல்கிறது என்று குழம்பும். அங்கம் என்றால் லகு, துருதம் என்ற தாள உறுப்புகளுக்குப் போய்விடும்.

ராயபுரத்தில் சில பிள்ளைகளுக்குக் கிளாரினெட் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஹங்கேரிக்காரர் லிகெட்டியின் 'ஆறு பாகடெல்'களைப் போட்டுக் காட்டினேன். பாகடெல் என்றால் குட்டி இசைத்துண்டு. 1953இல் எழுதியது. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் என ஐந்து ஊதுகருவிகள்; மொத்தமே சுமார் 12 நிமிடம். முதல் பகுதியில் நான்கே சுரங்கள். அதை வைத்துக்கொண்டு ஐந்து பேரும் சந்துக்குள் பந்தாடுகிற மாதிரி ஆடுகிறார்கள். ஒரு நிமிடம் போனதும் சட்டென்று முடிந்துவிடுகிறது. "அவ்ளோதானா சார்?" என்றான் ஒரு பையன். "இல்லடா, இது ஒரு..." என்று தொடங்கிய எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

அன்று மாலை தெருமுனையில் பூக்கட்டும் அக்காவிடம் மல்லி வாங்க நின்றேன். காம்போடு காம்பு ஒட்ட இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, நூலை ஒரு சுற்றுச் சுற்றி விரலால் ஓர் இழுப்பு. அது ஒரு கண்ணி. முழம் போட்டு நறுக்கும்போது இரண்டு கண்ணிக்கு நடுவில்தான் கத்தரிக்கோல் போகிறது. பூ உதிர்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு கண்ணிக்கும் அதனதன் முடிச்சு இருக்கிறது.

லிகெட்டியின் படைப்புக்கும் இதுதான் நடந்தது. 1956இல் புடாபெஸ்டில் முதன்முதலாக வாசித்தபோது, ஆறாவதில் உரசும் சுரங்கள் அதிகம் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். மீதி ஐந்தும் உதிராமல் நின்றன. மூவ்மென்ட்டுக்கு 'உறுப்பு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கலிப்பா என்ற பாவகையின் பகுதிகளான தரவு, தாழிசை போல அழகாகப் பொருந்தும் சொல்தான். ஆனால் உறுப்பை வெட்டினால் உடம்பு ஊனமாகிவிடும். இங்கே அப்படி ஆகவில்லை.

பாட்டிலும் கண்ணி புதிதல்ல. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் ஒவ்வொரு கண்ணியும், அதாவது ஒவ்வோர் ஈரடிப் பாட்டும், தனியே முழுசு, சேர்ந்தால் ஒரே மாலை.

கண்ணி என்றால் பொறி, கண்ணிவெடி என்று ஆட்சேபம் வரலாம். முதற்கண்ணி, நாலாங்கண்ணி என்று எண்ணோடு வரும் இடத்தில் அந்தக் குழப்பம் வராது. ஒவ்வொரு பகுதியும் கால் மணி நேரம் ஓடும் பெரிய சிம்பொனிக்கு இது சிறுத்துப்போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே 'பகுதி' என்றே இருக்கட்டும். குட்டிக் குட்டியாகக் கோத்த படைப்புகளுக்குத்தான் கண்ணி கேட்கிறேன்.

அப்புறம், பாகடெலுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். கச்சேரிக்காரர்கள் சின்னப் பாட்டுகளுக்குச் சொல்லும் துக்கடா அப்படியே பொருந்துகிறது.