ஹாங்காங்கில் டிம் சம்: அம்மா சைவம், அப்பாவுக்கு மாடும் பன்றியும் ஆகாது. எங்கே போகலாம்?

கோவைநித்யா:

எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு அடுத்த மாதம் ஹாங்காங் வருகிறோம். ஊர் சுற்றுவதெல்லாம் ஒரு மாதிரி முடிவாகிவிட்டது, சாப்பாடுதான் பாக்கி. எனக்கு ரொம்ப நாள் ஆசை, தென்சீனக் கான்டனீஸ்காரர்கள் காலையில் குடும்பத்தோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, சின்னக் கூடைகளிலும் தட்டுகளிலும் வரும் டிம் சம் பலகாரங்களைச் சாப்பிடுகிற அந்தக் கடையில் ஒரு வேளையாவது நிதானமாக உட்கார வேண்டும் என்று. ஹோட்டல் பஃபே வேண்டாம், நிஜமான கடை வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. அப்பா கோழி, ஆடு, மீன், இறால் எல்லாம் சாப்பிடுவார், மாடும் பன்றியும் தொடமாட்டார். கணவருக்கு எதுவும் பிரச்சினை இல்லை. நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? தள்ளுவண்டியில் கூடைகளை அடுக்கிக்கொண்டு வருவார்களே, அது இப்போதும் இருக்கிறதா? எத்தனை மணிக்குப் போவது நல்லது? அங்கே இருப்பவர்கள் சொன்னால் பெரிய உதவி.

தைக்கூ_தமிழன்:

வாங்க நித்யா. முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் போனால் தாத்தா பாட்டி பேரன் பேத்தி என்று ஊரே லிஃப்ட் வாசலில் நிற்கும், டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். வாரநாளில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போங்கள். நிறைய கடைகளில் பதினொன்றுக்கு முன்னாலும் பிற்பகல் இரண்டுக்குப் பிறகும் விலை குறைவு. காலையில் வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஒரு கூஜா தேநீரும் இரண்டு கூடையும் வைத்துக்கொண்டு செய்தித்தாள் படித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் கேட்கிற நிதானம் அந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

உட்கார்ந்ததும் எந்தத் தேநீர் என்றுதான் முதலில் கேட்பார்கள். எண்ணெய்ப் பண்டத்துக்கு இங்கே பலரும் குடிப்பது போ லேய், கறுப்பாக, மண்வாசனையோடு இருக்கும். அம்மா அப்பாவுக்கு அது பிடிக்காவிட்டால் மல்லிகை மணத்தோடு வரும் ஹியுங் பின் சொல்லுங்கள், இல்லையென்றால் லேசான சவ் மேய். பாலும் சர்க்கரையும் கிடையாது, இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு, குடிக்காவிட்டாலும் பில்லில் வரும். அதோடு பத்து சதவீதம் சேவைக் கட்டணம்.

பழைய பாணிக் கடைகளில் ஒரு பெரிய கிண்ணமும் கொதிக்கக் கொதிக்கத் தேநீரும் வைப்பார்கள். அந்த முதல் தேநீர் குடிக்க அல்ல. சின்னக் கிண்ணம், கோப்பை, கரண்டி, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அதில் அலசிவிட்டுப் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டும். பக்கத்து மேஜையில் இருக்கிற பெரியவர் கோப்பையின் விளிம்பை மட்டும் வெந்நீரில் சக்கரம் மாதிரி சுழற்றி எடுப்பார், விரல் நனையாது. அதைப் பார்த்துச் செய்தால் போதும்.

தள்ளுவண்டி பற்றி: பெரும்பாலான கடைகளில் போய்விட்டது. இப்போது ஒரு சீட்டு கொடுப்பார்கள், வேண்டியதில் டிக் அடித்துக் கொடுத்தால் வேகவைத்துச் சூடாகக் கொண்டுவருவார்கள். சில இடங்களில் போனில் க்யூஆர் கோடு. வண்டி பார்த்தே ஆக வேண்டுமென்றால் சென்ட்ரலில் சிட்டி ஹால் கட்டடத்தில் இருக்கும் மாக்சிம்ஸ் பேலஸ். பெரிய கூடம், சரவிளக்கு, ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தால் துறைமுகம் தெரியும். ஆனால் உங்கள் வீட்டு நிலவரத்துக்கு அது முதல் தேர்வாக இருக்கக்கூடாது, காரணம் கீழே யாராவது சொல்வார்கள்.

செந்தாமரை:

காரணத்தை நான் சொல்கிறேன். சாதாரண கான்டனீஸ் கடையில் சைவம் என்று எதையும் பார்வையால் நம்ப முடியாது. லோ பாக் கோ என்று முள்ளங்கியை அரிசி மாவில் சேர்த்து வேகவைத்து வறுத்துத் தருவார்கள், பார்க்க அப்பாவியாக இருக்கும், உள்ளே பன்றி சாசேஜும் காய்ந்த இறாலும் பொடியாக நறுக்கிப் போட்டிருக்கும். சேப்பங்கிழங்கு உருண்டை மேலே வலை வலையாகப் பொரிந்து அழகாக வரும், உள்ளே பன்றிக் கொத்துக்கறி. கீரையை வேகவைத்துத் தருகிறார்களே என்று கேட்டால் அதன் மேல் சிப்பி சாஸ் ஊற்றியிருக்கும். முட்டை டார்ட்டின் அடுக்கடுக்கான ஓட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். உங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டே இருந்தால் அவர் கடைசியில் வெறும் டீயோடு எழுந்துவிடுவார். அம்மாக்கள் அப்படித்தான், எனக்கு வேண்டாம் நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். அது நடக்கக்கூடாது.

ஹாங்காங்கில் பௌத்த சைவச் சமையல் ஒரு தனி மரபு, அதை நம்பிப் போங்கள். அட்மிரால்டி ஸ்டேஷனில் இறங்கினால் ஹாங்காங் பார்க். அதற்குள் 1846-ல் கட்டிய ஃபிளாக்ஸ்டாஃப் ஹவுஸ் என்ற வெள்ளைக் கட்டடத்தில் தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகம் இருக்கிறது, அதை ஒட்டி லாக் சா டீ ஹவுஸ். முழுக்க சைவ டிம் சம். மர மேஜை, நல்ல தேநீர், கூட்டம் குறைவான நேரத்தில் போனால் அவசரப்படுத்த மாட்டார்கள். நான்கு பேரும் எதைக் கேட்டும் கவலையில்லாமல் ஒரே கூடையிலிருந்து எடுக்கலாம், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று டைமண்ட் ஹில்லில் சி லின் கன்னிமடமும் அதற்கு எதிரே நான் லியான் தோட்டமும். மடம் சீனாவின் தாங் அரச காலத்துப் பாணியில் இரும்பு ஆணி இல்லாமல் மரத்தோடு மரத்தைக் கோத்துக் கட்டியது, அப்பாவுக்குக் கட்டடக்கலையில் ஆர்வம் இருந்தால் அரை நாள் அங்கேயே போய்விடும். தோட்டத்துக்குள் ஒரு அருவிக்குப் பின்னால் சைவ உணவகம் இருக்கிறது. டிம் சம்மோடு முழுச் சாப்பாடும் உண்டு.

மற்ற கடைகளில் மாட்டிக்கொண்டால் சொல்ல ஒரு வாக்கியம்: "ங்கோ சிக் ஜாய்". ஜாய் என்றால் அவர்களுக்கு பௌத்த சைவம் என்று உடனே புரியும், வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லைவிட அது நன்றாக வேலை செய்யும்.

ஈப்போமணி:

நான் மலேசியா, ஈப்போ. எங்கள் ஊரில் கான்டனீஸ்காரர்கள் நிறைய, டிம் சம் சாப்பிட்டு வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன். செந்தாமரை அக்கா சொன்னது அம்மாவுக்குச் சரி. ஆனால் சைவ டிம் சம் மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தால் கணவரும் நித்யாவும் முக்கியமான ஒன்றைப் பார்க்காமலே திரும்புவார்கள், அதுதான் ஹார் காவ் என்கிற இறால் கொழுக்கட்டை. ஒரு கடையின் சமையல்காரரை எடைபோட இங்கே எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். கோதுமை ஸ்டார்ச்சில் செய்த மேல்தோல், நம் கொழுக்கட்டைத் தோலைவிட மெல்லியது, உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு நிழலாகத் தெரிய வேண்டும். மடிப்புகள் நெருக்கமாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது அடியில் ஒட்டிக்கொண்டு கிழிந்தால் கை சரியில்லை, இல்லையென்றால் கூடை ரொம்ப நேரம் நின்றுவிட்டது. கடித்தால் இறால் மொறுக்கென்று இருக்கும், தோல் பல்லில் ஒட்டாது.

அப்புறம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் டிக் அடித்துக் கொடுக்காதீர்கள். மேஜை நிறைந்துவிடும், பாதி ஆறிவிடும், ஆறின ஹார் காவ் ரப்பர். முதலில் மூன்று நான்கு கூடை, அதை முடித்துவிட்டு அடுத்த சீட்டு. வேகவைத்தது முதலில், பொரித்தது பிறகு, இனிப்பு கடைசியில் என்று போனால் நாக்கு மரத்துப் போகாது. இனிப்பில் மா லாய் கோ என்று பழுப்பு நிற ஆவி கேக் கட்டாயம் கேளுங்கள், பஞ்சு மாதிரி இருக்கும். முட்டை உண்டு, அம்மாவுக்கு ஆகாது. அம்மாவுக்கு எள் உருண்டை சொல்லலாம், உள்ளே தாமரை விதை விழுது அல்லது சிவப்புப் பயறு விழுது இருக்கும். பொரித்த எண்ணெய் எது என்று கேட்பது உங்கள் விருப்பம்.

அப்பாவுக்கு இறால் ஐட்டங்களை மட்டும் எடுத்தால் பிரச்சினை வராது என்று நினைக்கிறேன்.

காயல்கடல்:

மணி, அந்தக் கடைசி வரியை ஒப்புக்கொள்ள முடியாது. ஹார் காவ் உள்ளே இறாலோடு மூங்கில் குருத்தும் கொஞ்சம் பன்றிக் கொழுப்பும் பொடியாக நறுக்கிச் சேர்ப்பதுதான் பழைய முறை, அந்த வழவழப்பு அதிலிருந்துதான் வருகிறது. தோல் மாவிலும் கொஞ்சம் சேர்ப்பவர்கள் உண்டு. சியு மாய் என்றால் கேட்கவே வேண்டாம், பன்றியும் இறாலும் கலந்ததுதான். தாமரை இலையில் மடித்து வரும் ஒட்டரிசியில் கோழிதானே என்று பிரித்தால் அதிலும் பன்றி சாசேஜ் இருக்கும். நித்யாவின் அப்பா கொஞ்சம் கலந்தால் பரவாயில்லை என்பவரா, கூடவே கூடாது என்பவரா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கூடவே கூடாது என்றால் கவலைப்படாதீர்கள் தங்கச்சி, வான் சாய் போங்கள். ஓய் க்வான் சாலையில் அம்மார் பள்ளிவாசல் இருக்கிற கட்டடத்தில் ஐந்தாவது மாடியில் இஸ்லாமிக் சென்டர் கேன்டீன். ஹலால் டிம் சம், நிஜமான கான்டனீஸ் கைப்பக்குவம். ஹாங்காங்கில் சீன முஸ்லிம்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள், காயல்பட்டினத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து குடியேறிய எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். நாங்கள் வீட்டோடு போய் உட்கார்ந்து ஹார் காவும் சியு மாயும் மனம் கோணாமல் சாப்பிடக் கிடைத்த இடம் அது. அலங்காரம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள், பள்ளிக்கூட கேன்டீன் மாதிரிதான் இருக்கும். ருசி கூடையில் இருக்கிறது. மாட்டிறைச்சி ஐட்டங்கள் உண்டு, பட்டியலில் அதை மட்டும் தவிர்த்துவிட்டால் அப்பா தைரியமாகக் கை வைக்கலாம். டிம் சம் காலையிலிருந்து பிற்பகல் வரைதான், ராத்திரி கிடைக்காது. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் நெரிசல், அன்றைக்கு வேண்டாம். பிற மதத்தவர் தாராளமாக வரலாம், எப்போதும் வருகிறார்கள்.

கோவைநித்யா:

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன், கொழுப்பு கலந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது ஒரு நாள் நான்கு பேரும் லாக் சா, இன்னொரு நாள் காலை அப்பாவோடு வான் சாய் என்று வைத்துக்கொள்கிறேன். நானும் கணவரும் மட்டும் தனியாக ஒரு வேளை சாதாரணக் கடைக்குப் போகலாம் என்றும் யோசிக்கிறோம். டிம் ஹோ வான் என்று எல்லோரும் சொல்கிறார்களே, போகலாமா? தெரியாதவர்களோடு மேஜையைப் பகிர்ந்துகொள்ளச் சொல்வார்களாமே, அது உண்மையா?

ஈப்போமணி:

டிம் ஹோ வான் போங்கள். 2009-ல் மோங் காக்கில் சின்னக் கடையாகத் தொடங்கியது. ஆரம்பித்தவர்களில் ஒருவரான மாக் க்வாய் புய், ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலின் லுங் கிங் ஹீனில் வேலை பார்த்த சமையல்காரர், அது, நல்ல உணவகங்களுக்கு மிஷெலின் கையேடு தருகிற மூன்று நட்சத்திரத்தையும் வாங்கிய முதல் சீன உணவகம். அந்தக் கைப்பக்குவத்தைத் தெருக்கடை விலைக்குக் கொண்டுவந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம். அங்கே ச்சா சியு பன் ஓவனில் சுட்டு வரும், மேலே மொறுமொறுவென்று இனிப்புப் பொருக்கு, உள்ளே பன்றி வறுவல். கணவர் அதைத் தவற விடக்கூடாது.

தைக்கூ_தமிழன்:

மணி சொன்ன பன் நல்ல பன்தான், மறுக்கவில்லை. ஆனால் டிம் ஹோ வான் இப்போது பல நாடுகளில் கிளை இருக்கிற கடை, சாப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கும். ஹாங்காங் வரை வந்து அங்கே வரிசையில் நிற்பதைவிட, தங்கியிருக்கும் பகுதியில் மாடியில் இருக்கிற பெரிய சீன உணவகம் எதுவோ அதற்குக் காலையில் போங்கள். கீழே லிஃப்ட் பக்கத்தில் படத்தோடு விலைப்பட்டியல் ஒட்டியிருக்கும். சுற்றுலாக்காரர்கள் இல்லாத, வட்ட மேஜைகளில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கிற கூடம்தான் நித்யா முதல் பதிவில் கேட்டது. காசு செலவழிக்கத் தயார் என்றால் சென்ட்ரலில் ஸ்டான்லி தெருவில் லுக் யூ டீ ஹவுஸ் இருக்கிறது, 1933-லிருந்து நடக்கிற பெயர், மரத் தடுப்புகளும் மின்விசிறிகளுமாக உள்ளே காலமே வேறு. விலை அதிகம்.

மேஜை பகிர்வது உண்மைதான், இரண்டு பேர் போனால் பெரிய மேஜையில் இன்னொரு ஜோடியோடு உட்கார வைப்பார்கள். முகம் சுளிக்காதீர்கள், அது இங்கே சர்வ சாதாரணம். உங்கள் சீட்டையும் அவர்கள் சீட்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் கோப்பையில் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேஜையை மெல்லத் தட்டுங்கள், அதுதான் நன்றி, பேச்சை நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் ஊற்றும்போது பெரியவர்களுக்கு முதலில், உங்களுக்குக் கடைசியில். கூஜா காலியானால் கூப்பிட்டுக் கத்த வேண்டாம், மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். பொதுவாக ஆளுக்கு இரண்டு ஜோடி சாப்ஸ்டிக் வைத்திருந்தால் ஒன்று கூடையிலிருந்து எடுக்க, ஒன்று சாப்பிட.

பில்லுக்கு "மாய் டான்" என்று சொன்னால் போதும். சீட்டில் இருக்கிற எண்ணிக்கையைக் கூடைகளோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ரொக்கமும் கையில் இருக்கட்டும், பேட்டைக் கடைகளில் கிரெடிட் கார்டு வாங்காத இடங்கள் உண்டு.