சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி தண்ணிய மீன் குட்டைக்கு விடலாமா? ஆத்தூர் பக்கம், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

குச்சிக்கிழங்குக்காரன்:
வணக்கம்ங்க. எங்க காடு ஆத்தூர்லருந்து தலைவாசல் போற வழில. கிழங்கு போக அரை ஏக்கர்ல மண் குட்டை வெட்டி மூணு வருஷமா கட்லா, ரோகு, மிர்கால் விடறோம். பங்குனி வந்தா போர் அத்துப்போயி குட்டை முழங்கால் அளவுக்கு எறங்கிடுது. பக்கத்து சேகோ பேக்டரில கழிவுத் தண்ணிலருந்து கேஸ் எடுக்கற பிளான்ட் இருக்கு, அதுலருந்து வர்ற தண்ணிய சும்மாவே எடுத்துக்கன்னு ஓனர் சொல்றார். எனக்கு பயம் என்னன்னா, போன கார்த்திகை மழைல அவங்க தொட்டி ரொம்பி, சுத்தம் பண்ணாத பச்சைக் கழிவுத் தண்ணி குட்டைக்குள்ள வந்துருச்சு, விடியக்காலம் போய் பாத்தா மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துட்டு கெடக்குது, பாதிக்கு மேல போச்சு. அம்மா அன்னிக்கு சாப்பிடவே இல்ல. ஆனா கொல்கத்தால சாக்கடைத் தண்ணிலயே மீன் வளக்கறாங்களே, நம்மளால ஏன் முடியாது?

மேட்டூர் மீன்குஞ்சு:
தம்பி, படிக்கவே கஷ்டமா இருக்கு. கொல்கத்தா விஷயம் நெஜம்தான், கிழக்குப் பக்க சதுப்பு நெலம், 2002ல ராம்சார்ங்கற உலக சதுப்பு நெலப் பட்டியல்லயே சேத்தாங்க. ஆனா அங்க ஆழமில்லாத குட்டைல தண்ணிய வெயில்ல நிறுத்தி, பாசி பச்சை புடிச்சப்பறம்தான் மீன் விடுவாங்க, அப்பறமும் கொஞ்சம் கொஞ்சமாதான் தண்ணி சேப்பாங்க. உங்களுக்கு வந்தது மாவு கலந்த பச்சைத் தண்ணி, பிஓடி (அழுக்க பாக்டீரியா திங்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற அளவு) லிட்டருக்கு ஆயிரக்கணக்குல மில்லிகிராம் இருக்கும், ஆத்துல விடறதுக்கே 30தான் அளவு. மாவ பாக்டீரியா திங்கும்போது ஆக்சிஜன் பூரா காலி, ராத்திரில பாசியும் ஆக்சிஜன இழுக்கும், அதான் விடியறப்ப சாவுது. கூடவே கிழங்குல இருக்கற சயனைடு, ஆடு பச்சை இலைய தின்னு சாவுதே அதே விஷம்தான், மீனுக்கு அதுல துளி போதும்.

திப்பி வாசம்:
நான் ராசிபுரம் பக்கம் ஒரு பேக்டரில பதினோரு வருஷம் இருந்தேன்ங்க. மொதல்ல ஓனர்கிட்ட ஒண்ணு கேளுங்க, மாவு வெள்ளையாக ஆசிடோ ப்ளீச்சோ போடறாங்களான்னு. சல்பியூரிக் ஆசிட் போட்டா அது கேஸ் பிளான்ட்டுக்குள்ள போயி ஹைட்ரஜன் சல்ஃபைடா மாறும், அழுகுன முட்டை நாத்தம் வந்தாலே வேண்டாம்னு சொல்லிருங்க. ஒண்ணும் போடலைன்னாலும் நேரா விடக்கூடாது, பிளான்ட்டுக்குள்ள காத்தே இல்லாததால வெளிய வர்ற தண்ணில ஆக்சிஜன் துளிகூட இருக்காது, அம்மோனியா வேற இருக்கும். தனியா ஒரு இடுப்பளவு குட்டை வெட்டி வெயில்லயும் காத்துலயும் கெடக்க விடுங்க. சயனைடு ஆவியா போற சரக்கு, திறந்து கெடந்தா கொறையும், ஆனா கண்ணால பாத்து சொல்ல முடியாது, லேப்ல குடுத்துத்தான் ஆகணும். அப்பறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல கேக்காம பைப் போட்றாதீங்க.

மேட்டூர் மீன்குஞ்சு:
இவர் சொல்றது சரி. லேப்ல பிஎச் (புளிப்புத்தன்மை அளவு), பிஓடி, அம்மோனியா, சல்ஃபைடு, சயனைடு அஞ்சும் பாருங்க. அதுக்கப்பறமும் ஒரு தொட்டில அந்தத் தண்ணிய மட்டும் ஊத்தி பத்து குஞ்சு விட்டு 96 மணி நேரம் பாருங்க, கழிவுத் தண்ணிக்கு சட்டத்துலயே அந்த சோதனை இருக்கு, நூத்துக்கு 90 பொழைக்கணும். பத்துல ரெண்டு செத்தாலும் குட்டைக்கு விடாதீங்க.

ஏற்காடு அடிவாரம்:
தண்ணி வேண்டாம்னு ஆனாலும் மாவு வீணில்லைங்க. நான் சின்ன தொட்டில பயோஃப்ளாக் முறைல ஜிலேபி மீன் வளக்கறேன், அதுல அம்மோனியாவ மடக்க மாவோ வெல்லப்பாகோ போட்டுத்தான் பாக்டீரியாவ வளக்கணும், நான் போடறது கிழங்கு மாவுதான். ஆனா 24 மணி நேரமும் காத்து மோட்டார் ஓடணும், நின்னா ரொம்ப நேரம் தாங்காது, அதனால இன்வெர்ட்டர் இல்லாம எறங்காதீங்க.

குச்சிக்கிழங்குக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஓனர்கிட்ட இப்பதான் பேசினேன், ப்ளீச் போடறோம்னு ஒத்துக்கிட்டார். அதனால இந்த வருஷம் அந்தத் தண்ணி தொடமாட்டேன். மொதல்ல அவங்க தொட்டி பக்கம் வரப்ப ஒசத்திக் கட்டறோம், மழை வந்தா மறுபடி வழியக்கூடாது. ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துலயும் போய் கேக்கறேன்.