‘ஃபாக்சிங்’: ‘காகிதத் தேமல்’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

பழைய காகிதத்தில் சிறு சிறு செம்பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றிப் பரவும் கறையை ஆங்கிலத்தில் ஃபாக்சிங் என்கிறார்கள். இதற்கு ‘நரிப்புள்ளி’, ‘துருப்புள்ளி’, ‘பூஞ்சைக் கறை’ ஆகிய மூன்று சொற்கள் நம் கலைச்சொல் விவாதத்தில் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றையும் ஓர் உண்மையான ஓவியத்தோடு பொருத்திப் பார்த்தால்தான் அவற்றின் தகுதி விளங்கும் என்பதால், இக்கறையால் மிகவும் பாதிக்கப்பட்ட ஒரு கோட்டோவியத்தை எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியின் டூரின் நகர அரச நூலகத்தில் உள்ள அந்தத் தாள், லியொனார்டோ டா வின்சி தம்மையே வரைந்துகொண்டதாகப் பொதுவாகக் கருதப்படுவது. ஏறத்தாழ 1512ஆம் ஆண்டைச் சேர்ந்தது, 33 செ.மீ. உயரமும் 21 செ.மீ. அகலமும் உடையது. முதியவரின் நெற்றியிலும் கன்னத்திலும் தாடியிலும் இன்று செம்பழுப்புப் புள்ளிகள் நிறைந்திருக்கின்றன.

‘நரிப்புள்ளி’ ஐரோப்பியச் செந்நரியின் மயிர்நிறத்தை நினைவூட்டும் ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. நம் ஊர்க் குள்ளநரி சாம்பல் கலந்த மங்கிய பழுப்பு. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இச்சொல் எந்தச் சிவப்பையும் காட்டாது. எனவே இதைக் கைவிடலாம்.

‘துருப்புள்ளி’ பார்வைக்குப் பொருத்தமாகத் தெரிந்தாலும் ஆபத்தானது. இந்த ஓவியம் காவிக்கல்லால் வரையப்பட்டது. காவிக்கல்லின் சிவப்புக்குக் காரணமே ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடுதான். துருவும் ஒருவகை இரும்பு ஆக்சைடே. கலைஞரின் கோடே இரும்பு ஆக்சைடாக இருக்கையில், அதன் மேல் வந்த கறையைத் துரு என்று பதிவேட்டில் எழுதினால், எது ஓவியம், எது சிதைவு என்ற அடிப்படைப் பிரிவே குழம்பிவிடும். காகிதக்கூழில் கலந்த இரும்புத் துகள்களைச் சுற்றி இத்தகைய புள்ளிகள் உருவாவது உண்டு என்பது உண்மை. ஆனால் எல்லாப் புள்ளிகளுக்கும் இரும்பே காரணம் அன்று.

‘பூஞ்சைக் கறை’யைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்கு வலுவான ஆதரவு இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தத் தாளின் புள்ளிகளில் யூரோசியம் ஹாலோஃபிலிகம் என்னும் பூஞ்சையை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகக் கண்டது. பூஞ்சையால் உண்டான ஆக்சலேட் உப்புகளும் கிடைத்தன. மிகக் குறைந்த ஈரத்திலும் முளைக்கவல்ல இவ்வகைப் பூஞ்சைகள் வெளியிடும் கரிம அமிலங்களும் சர்க்கரைகளும் புரதப் பொருள்களும் காகிதத்தோடு வினைபுரிந்து பழுப்புப் பொருள்களாக மாறுகின்றன என்ற கருதுகோளுக்கு இவை இசைவானவை. ஆனால் அதே ஆய்வு, ஓவியத்தில் இப்போது உயிர்ப்புள்ள தொற்று எதுவும் இல்லை என்றும் கூறுகிறது. ‘பூஞ்சைக் கறை’ என்ற குறிப்பைப் படிக்கும் இளம் ஓவியப் பாதுகாப்பாளர், பூஞ்சையைக் கொல்ல வேண்டும் என்றே முதலில் எண்ணுவார். இங்கே கொல்வதற்கு ஒன்றும் இல்லை. பூஞ்சையைக் கொல்ல இடும் வேதிப்பொருளின் புகையால் தாளுக்குத்தான் கேடு. பெயரே தவறான சிகிச்சைக்கு வழிகாட்டுவதை நாம் அனுமதிக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

ஆகவே, காரணத்தைச் சொல்லாமல் காட்சியை மட்டும் சொல்லும் பெயர் வேண்டும். அதற்குத் ‘தேமல்’ நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. தோலில் படரும் தேமலுக்குக் காரணம் ஒரு பூஞ்சை. உளுந்தில் வரும் மஞ்சள் தேமல் நோய்க்குக் காரணம் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். காரணம் எதுவாயினும், ஒரு பரப்பில் நிறம் மாறித் திட்டுத் திட்டாகப் பரவுவதைத் தமிழர் தேமல் என்றே சொல்லிவந்திருக்கிறார்கள், வேளாண் துறையும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மகளிர் மேனியில் படரும் பொன்னிறப் புள்ளிகளைக் குறிக்கும், சங்கப் பாடல்களின் ‘சுணங்கு’ இதற்கு ஆகாது. வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுப் போற்றப்பட்ட அழகைச் சிதைவுக்குப் பெயராக்குவது முறையன்று.

அடைமொழி பற்றி ஒரு சொல். தாள் என்பதோடு சேர்த்தால் புணர்ச்சி விதிப்படி ‘தாட்டேமல்’ ஆகும். படிப்பவருக்கு முதற்பார்வையில் விளங்காது. ‘ஏட்டுத் தேமல்’ பனையோலையை நினைவூட்டும். ‘காகிதத் தேமல்’ தெளிவானது. காரணம் ஆய்வில் உறுதிப்பட்ட பின் ‘பூஞ்சைவழித் தேமல்’, ‘இரும்புவழித் தேமல்’ என்று நுணுக்கிக்கொள்ளலாம்.

தாள் முழுவதும் ஒரே சீராக நிறம் மாறுவதை இதிலிருந்து பிரித்தே ஆக வேண்டும். அதற்கு ‘மஞ்சளிப்பு’ போதும். இந்த ஓவியத்தில் இரண்டும் இருக்கின்றன. 2014இல் வெளியான வேறோர் ஆய்வு, தாளிலிருந்து எதிரொளிக்கும் ஒளியை அளந்து, காகித நாரின் மூலப்பொருளான செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றம் அடைந்ததால் உண்டான, நிறம் தரும் மூலக்கூற்றுத் தொகுதிகளின் அளவை, தாளைத் தொடாமலே கணக்கிட்டது. மிகுந்த ஈரத்திலோ மூடிய சூழலிலோ இருந்த காகிதங்களின் சிதைவோடு இதன் நிலை ஒத்திருந்தது. இவ்வளவீட்டைப் பின்னாளில் மீண்டும் செய்தால் மஞ்சளிப்பு எவ்வளவு விரைவாக முன்னேறுகிறது என்பது தெரியும். காவிக்கோடு தாளின் மேற்பரப்பில் பொடியாக ஒட்டியிருப்பது. நீரில் கழுவுவதோ வெளுப்பதோ ஓவியக் கோடுகளையே கெடுக்கக்கூடும் என்பதால், சேமிப்பறையின் ஈரத்தையும் ஒளியையும் கட்டுப்படுத்துவதற்கு இத்தகைய அளவீடே ஆதாரம்.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் முன்பே, புற ஊதா ஒளியில் இப்புள்ளிகள் ஒளிர்வது உண்டு. காட்சியை வைத்துப் பெயரிட்ட சொல், காட்சிக்கு வராத இந்நிலையையும் தாங்க வேண்டும். ‘தோன்றாத் தேமல்’ என்று நான் முன்மொழிகிறேன். ‘கரந்த தேமல்’ மேலும் செறிவானது, ஆனால் ‘மறைந்த’ எனப் பொருள்படும் ‘கரந்த’ என்பது இன்றைய மாணவருக்கு எட்டுமா என்று ஐயுறுகிறேன். இவ்விரண்டில் எது தகும் என்று கற்பிக்கும் பணியில் உள்ளவர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.