ரீஸ்ப்ரௌட்டிங்: 'மறுதாம்பு' சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்காகக் காட்டுத்தீ பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். எரிந்த செடி விதையிலிருந்து இல்லாமல், பிழைத்த தன் வேரிலிருந்தோ தண்டிலிருந்தோ மறுபடி துளிர்ப்பதை ஆங்கிலத்தில் 'ரீஸ்ப்ரௌட்டிங்' என்பார்கள்; அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அக்கா சொன்ன 'மறுதுளிர்ப்பு' காதுக்கு இனிமைதான். ஆனால் இலை உதிர்ந்த மரம் மறுபடி துளிர்ப்பதையும் அப்படித்தானே சொல்வோம்? 'மீள்வளர்ச்சி' என்றால் விதையிலிருந்து முளைத்ததும் அதில் சேர்ந்துவிடும்.

சருகும் காய்ந்த புல்லும் மட்டும் எரியும் மெல்லிய தீ, ஓரிடத்தில் அதிக நேரம் நிற்காது. மண்ணும் சூட்டை எளிதில் உள்ளே விடாது. சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே வெப்பம் பெரிதாக ஏறுவதில்லை. மேலே தண்டு கருகிப் போனாலும் கீழே கிழங்கும் வேர்க்கட்டையும் பிழைத்துக் கிடக்கும். பன்னேர்கட்டா பக்கம் எரிந்த சரிவு ஒன்றில், ஒரு மழைக்குப் பிறகு குனிந்து பார்த்தேன். தொட்டால் விரலில் கரி ஒட்டும் புல் குத்து, அதன் நடுவில் ஊசி ஊசியாகப் பச்சை. பக்கத்தில் சாம்பலோடு ஒட்டினாற்போல் நிலப்பனை என்ற கிழங்குச் செடியின் மஞ்சள் பூ. இரண்டுமே விதையிலிருந்து வந்தவை அல்ல.

கரும்பு வெட்டிய கட்டையிலிருந்து கிளம்புவதை மறுதாம்பு என்கிறோமே, அதேதான் இது. தோகையைக் கொளுத்திய வயலிலும் கட்டை துளிர்க்கத்தானே செய்கிறது? என் ஓட்டு 'மறுதாம்பு'.

*

தம்பி, மறுதாம்பு நல்ல சொல், ஆனால் அது விவசாயியின் சொல். அதில் வெட்டியவர் ஒருவர் இருக்கிறார், அடுத்த மகசூலும் இருக்கிறது. தீக்குப் பிறகு உண்ணிச்செடி என்ற களையும் அடியிலிருந்துதான் கிளம்பும். அந்தத் தொல்லையைப் போய் மறுதாம்பு என்பதா? துளிர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுவோம்: 'அடித்துளிர்ப்பு'. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் செடிக்கு அடிதானே. சில மரங்களில் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டு, தண்டின் நடுவிலேயே வெடித்து வரும். அதற்குத் 'தண்டுத்துளிர்ப்பு' என்று ஜோடியும் அமைகிறது. 'மறுதுளிர்ப்பு' இரண்டுக்கும் பொதுவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

*

சரி அக்கா, ஜோடி கிடைக்கும் என்றதும் விழுந்துவிட்டேன். 'அடித்துளிர்ப்பு' என்றே போடுகிறேன்; முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கரும்பில் மறுதாம்பு வருவதுபோல' என்று சேர்த்துக்கொள்கிறேன். ஒரே பயம், பிள்ளைகள் 'அடித்து' என்று நிறுத்திப் படித்துவிடுவார்கள். 'அடித் துளிர்ப்பு' என்று இடம் விட்டு எழுதலாமா?